கருவும் கருவூலமும்

சென்ற தவணையின் இறுதியில் எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்புத் தமிழ் மன்றம் விவாத அரங்கொன்றை நடத்தியது. “மகப்பேற்றைத் தள்ளிவைக்க நேர்ந்த பெண் தன் கருமுட்டைகளை உறையவைத்துக் காப்பதற்கான செலவை அரசு ஏற்கவேண்டும்” என்பது பொருள். தலைப்பைத் தெரிந்தவர்கள் உயிரியற் பிரிவு மாணவிகள். நடுவர் ஆசனத்தில் அமர்ந்தவள் நான்.

ஒட்டிப் பேசியோர் விஞ்ஞானத்தையும் பெண் விடுதலையையும் துணைக்கழைத்தனர். வெட்டிப் பேசியோர் வறுமையைக் காட்டினர். மழைக்கு ஒழுகும் லயத்து அறையையும், போதிய ஊட்டமின்றிப் பிறக்கும் சிசுவையும், மருந்து வெளியே வாங்கும்படி எழுதிக் கொடுக்கப்படும் துண்டுச் சீட்டையும் அவர்கள் வரிசைப்படுத்தியபோது மண்டபம் அதிர்ந்தது. நானும் அந்த அதிர்வுக்கு ஆட்பட்டவளாய், “ஏழை நாட்டின் பொதுப்பணம் சிலரது ஆடம்பரத்துக்கு உரியதன்று” என்று தீர்ப்பளித்தேன்.

அரங்கு கலைந்தபின், ஒட்டிப் பேசிய அணியில் இருந்த மாணவியொருத்தி என்னிடம் வந்தாள். இரத்தோட்டைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வருபவள். “டீச்சர், பிள்ளை இனி வேணாம்னு ஆக்கிக்கிட்டதுக்கு எங்க பாட்டிக்கு அரசாங்கம் காசு குடுத்துச்சாம். அப்ப இருந்த காசு இப்ப மட்டும் எப்புடி டீச்சர் இல்லாமப் போச்சு?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

சுயவிமர்சனம் முற்போக்காளருக்கு உரிய பண்பு என்று மேடைதோறும் கூறுகின்றோம். அக்கூற்றுக்கு மதிப்பளித்து, நான் வழங்கிய தீர்ப்பையே இங்கு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதற்கண் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியம். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சூலகங்களில் பத்து முதல் இருபது இலட்சம் வரையான முட்டைகளின் முதலுருக்கள் இருக்கின்றன. பூப்பெய்தும் பருவத்தில் அவை மூன்று நான்கு இலட்சமாகக் குறைந்துவிடுகின்றன. முப்பத்தைந்து வயதின்பின் தொகையும் தரமும் விரைந்து வீழ்கின்றன. உறைநிலைச் சேமிப்பு என்பது இந்த வீழ்ச்சியை முந்திக்கொள்ளும் முயற்சி. ஏறத்தாழ இரண்டு வாரம் நாள்தோறும் ஓமோன் ஊசி ஏற்றிப் பல முட்டைகளை ஒருங்கே முதிரச் செய்கின்றனர். மயக்க மருந்து கொடுத்து, ஊசிவழி அவற்றை உறிஞ்சியெடுத்து, கணநேரத்தில் கண்ணாடிபோல உறையவைத்து, சுழியத்துக்குக் கீழ் 196 பாகை செல்சியஸில் திரவ நைதரசனில் இடுகின்றனர். பல ஆண்டுகளின் பின் அவள் பிள்ளையை விரும்பினால் முட்டையை உருக்கி, ஆய்வுகூடத்தில் விந்தணுவுடன் சேர்த்து, உருவாகும் கருவைக் கருப்பையில் வைக்கின்றனர்.

உறைந்த முட்டையிலிருந்து முதன்முதலாகப் பிள்ளைகள் பிறந்ததை 1986ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் வைத்தியர் கிறிஸ்தோபர் சென் அறிவித்தார். எனினும் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம், இம்முறை இனியும் பரிசோதனைக் கட்டத்தில் இல்லை என்று ஏற்றது 2012இலேதான். அப்போதும், உடல்நலமுள்ள பெண்கள் வயதை வெல்வதற்கென்று இதனைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என அச்சங்கம் எச்சரித்தது. முட்டையைச் சேமிப்பது பிள்ளையைச் சேமிப்பதாகாது. எடுக்கும் வயது ஏற ஏற வெற்றி வாய்ப்புக் குறையும். ஓமோன் ஊசியால் சூலகம் அளவுமீறித் தூண்டப்பட்டு உயிராபத்து நேர்வதும் அரிதாக உண்டு. சேமித்தவர்களிற் பெரும்பாலோர் அவற்றைப் பயன்படுத்தத் திரும்பி வருவதேயில்லை என்பதைப் பல நாட்டு அனுபவமும் காட்டுகின்றது.

புற்றுநோய்ச் சிகிச்சை தன் கருவளத்தை அழித்துவிடும் என்றறிந்து ஓர் இளம்பெண் முட்டையைக் காத்துக்கொள்வது வேறு. அது நோய்ச் சிகிச்சையின் ஒரு கூறு. அதனை அரசு ஏற்கவேண்டும் என்பதில் நியாயமுள்ளோர் எவரும் மாறுபடார். நோய் ஏதுமின்றி, காலம் கடந்துவிடுமே என்ற காரணத்தால் மட்டும் சேமிப்பதே நாம் ஆராயவேண்டிய சிக்கல்.

“ஆடம்பரம்” என்ற சொல்லை நான் கையாண்டதற்கு ஒரு பின்னணி உண்டு. 2014ஆம் ஆண்டில் பேஸ்புக், அப்பிள் என்னும் அமெரிக்க நிறுவனங்கள் தம் பெண் ஊழியர் முட்டைகளை உறையவைப்பதற்கு 20,000 டொலர் வரை தரத் தலைப்பட்ட செய்தி உலகெங்கும் பரவிற்று. முதலாளித்துவத்தின் உள்ளக்கிடக்கையை இதனினும் தெளிவாகக் காட்டக்கூடிய செய்தி வேறில்லை. பெண்ணின் உழைப்பு மிகுந்த இலாபந்தரும் ஆண்டுகளும் அவள் தாயாகத்தக்க ஆண்டுகளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. வேலை நேரத்தை மாற்றலாம். குழந்தை காப்பகம் அமைக்கலாம். பிள்ளை பெற்றுத் திரும்புபவளின் பதவி உயர்வைப் பாதுகாக்கலாம். இவையெல்லாம் முதலாளிக்குச் செலவு. ஆகவே, அவன் தன் கடிகாரத்தை விட்டுவிட்டு அவளது உடலின் கடிகாரத்தை நிறுத்த முனைகிறான். இந்தக் கண்டனம் அன்றும் சரியானது, இன்றும் சரியானது.

ஆயின் கண்டனம் சரியாயிருப்பதனால் ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. அமெரிக்க மானிடவியலாளர் மார்சியா இன்ஹோர்ன், முட்டைகளைச் சேமித்த நூற்றைம்பது பெண்களை நேர்கண்டு 2023இல் நூலொன்றை வெளியிட்டார். உத்தியோக உயர்வுக்காகவே பெண்கள் பிள்ளைப்பேற்றை ஒத்திவைக்கின்றனர் என்ற பொதுக்கருத்துக்கு மாறாக, அவர்களிற் பெரும்பாலோர் தகுந்த துணை கிடைக்காத காரணத்தாலேயே இம்முறையை நாடினர் என்பது அவரது முடிபு. தொழிற்சாலை வாயிலில் மட்டுமே பதிலைத் தேடிய நமக்கு இது ஒரு பாடம்.

அமெரிக்காவை விட்டு நமது ஆசிரியர் ஓய்வறைக்கு வருவோம். இந்நாட்டின் ஆசிரியருட் பெரும்பான்மையர் பெண்கள். முப்பதைத் தாண்டியும் மணமாகாத ஆசிரியைகள் எத்தனை பேரை நாம் அறிவோம்! தம்பியின் படிப்பு முடியவேண்டும். தங்கைக்குச் சீதனம் சேரவேண்டும். வீட்டுக் கடன் அடையவேண்டும். அதன்பின் அவளுக்குரிய வேளை வரும்போது, மாப்பிள்ளை வீட்டார் அவளது வயதைக் கேட்டு வாயை மூடிக்கொள்கின்றனர். வடகிழக்கில் நீண்ட போர் எத்தனையோ பெண்களின் துணைவரையும் துணைவராக வந்திருக்கக் கூடியவரையும் பறித்துக்கொண்டது. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய நாளிலிருந்து, நாட்டின் நாலா திசைகளினின்றும் சென்ற பெண்கள் தம் இருபதுகளைத் தையல் இயந்திரத்தின் முன் கழித்துள்ளனர். வளைகுடா நாடுகளில் அயலார் குழந்தைகளை வளர்த்துவிட்டு நாற்பதை அண்மித்துத் திரும்பும் பெண்கள் நமது தோட்டங்களிலும் இருக்கின்றனர். இவர்களுள் யார் ஆடம்பரக்காரி? இவர்கள் ஒத்திவைத்தவர்கள் அல்லர்; இவர்களது வாழ்வைச் சமுதாயம் ஒத்திவைத்தது. இதை எழுதும் நானும் முப்பத்தைந்தைக் கடந்த ஆசிரியை என்பதை மறைத்துவிட்டு இவ்விடயத்தை ஆராய்வது நேர்மையாகாது.

எனவே “ஆடம்பரம்” என்ற என் சொல்லை முழுமையாக மீளப்பெறுகிறேன். இழந்த காலத்தை மீட்க ஒரு பெண் விரும்புவது நியாயமான மனித ஆசை. அதை ஏளனம் செய்வது முற்போக்கும் ஆகாது.

இனப்பெருக்க விஞ்ஞானத்தை இகழ்ந்து ஒதுக்கியதால் நேர்ந்த பழியும் நம் அணியின் வரலாற்றில் உண்டு. வைத்தியர் சுபாஷ் முகர்ஜி கல்கத்தாவில் உறைநிலையில் வைத்த கருவிலிருந்து 1978 ஒக்டோபர் 3ஆம் தேதி ஒரு பெண் குழந்தையைப் பிறப்பித்தார். உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அப்போது 70 நாட்களே கடந்திருந்தன. மேற்கு வங்கத்தில் ஆட்சியிலிருந்தது இடதுசாரி முன்னணி. அவ்வரசு நியமித்த குழு அவரது சாதனையைப் பொய்யென்று தள்ளியது. அவர் தம் துறைக்குத் தொடர்பற்ற இடத்துக்கு மாற்றப்பட்டார். 1981 யூன் மாதத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பிற்காலத்தில்தான் அவரது பெருமை ஏற்கப்பட்டது. நாட்டுக்கு இப்போது தேவையில்லாத விஞ்ஞானம் என்று நாவெடுக்கும் போதெல்லாம் இந்த மனிதரை நாம் நினைவுகூர்தல் வேண்டும்.

பெண்ணின் விருப்பம் நியாயமானது என்பது வேறு. அதற்குப் பொதுப்பணத்தை எவ்விதம், எந்நோக்கத்தோடு செலவிடுவது என்பது வேறு. பொதுப்பணம் கொடுக்க முன்வந்த நாடுகளின் அனுபவம் இதனை விளக்கும்.

யப்பானிய நகரமான உராயசு 2015இல் முட்டைச் சேமிப்புக்கு நகரப் பணத்தை ஒதுக்கியது. 2023இல் டோக்கியோ மாநகர அரசு 18 முதல் 39 வயது வரையான பெண்களுக்கு மூன்று இலட்சம் யென் வரை மானியம் அறிவித்தது. அதே ஆண்டில் தென் கொரியாவின் சியோல் மாநகரமும் இருபது இலட்சம் வொன் வரை தர முன்வந்தது. இவற்றின் உந்துவிசை குறைந்துவரும் பிறப்பு விகிதம். 2023இல் தென் கொரியாவில் ஒரு பெண் தன் வாழ்நாளிற் பெறும் பிள்ளைகளின் சராசரி 0.72 ஆக வீழ்ந்திருந்தது. நள்ளிரவு வரை நீளும் அலுவலக வேலை, எட்டாத வீட்டு வாடகை, பிள்ளையின் கல்விச் செலவு, வீட்டுவேலை முழுவதையும் மனைவி தலையிற் கட்டும் வழக்கம் ஆகியவை அவ்வீழ்ச்சியின் வேர்கள். முட்டையை உறையவைப்பதால் வேலைநேரம் குறையுமா? வாடகை தாழுமா? பத்தாண்டு கழித்து அவள் அம்முட்டையைத் தேடி வரும்போதும் அதே அலுவலகமும் அதே வாடகையும் அவளுக்காகக் காத்திருக்கும். மேலும் மானியம் செலவின் ஒரு பகுதியையே ஈடுசெய்கின்றது. எஞ்சியதைத் தாங்கக் கூடியவளே மானியத்தையும் பெறுகிறாள். பொதுப்பணம் வசதியுள்ளோர் பக்கம் பாயும் வழக்கமான வாய்க்கால் இது.

பிரான்ஸ் சென்ற வழி வேறு. 2021 ஆகஸ்ட் 2ஆம் தேதிய சட்டப்படி, 29 வயதுக்கும் 37 வயதுக்கும் இடைப்பட்ட பெண் மருத்துவக் காரணம் எதையும் காட்டாமல் முட்டைகளைச் சேமிக்கலாம். ஊசிமருந்துக்கும் முட்டையெடுக்கும் சிகிச்சைக்குமான செலவைச் சமூகக் காப்புறுதி ஏற்கின்றது. ஆண்டுதோறும் பாதுகாத்து வைக்கும் கட்டணம் மட்டும் அவளுடையது. பொது வைத்தியசாலைகளுக்கும் இலாபநோக்கற்ற நிலையங்களுக்குமே இப்பணி பொதுவாக ஒப்படைக்கப்பட்டுள்ளது. தனித்து வாழும் பெண்ணும் பின்னர் அம்முட்டையிலிருந்து பிள்ளை பெறும் உரிமையை அதே சட்டம் ஏற்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, இச்செலவை முதலாளி நேரடியாகவோ மறைமுகமாகவோ ஏற்பதை அச்சட்டம் தடைசெய்தது. பேஸ்புக் சலுகையென்று பெருமையோடு வழங்கியதைப் பிரெஞ்சுச் சட்டம் குற்றத்தின் வாசலாகக் கண்டது. எசமானின் தயவாக வரும்போது விலங்காகும் ஒன்று, குடிமகளின் உரிமையாக வரும்போது விடுதலைக்குத் துணையாகலாம் என்ற வேறுபாட்டை அச்சட்டம் உணர்ந்துள்ளது. பாரிஸ் லா சப்பல் தெருக்களில் நடமாடும் நம் தமிழ்ப் பெண்களும் காப்புறுதி பெற்றிருப்பின் இவ்வுரிமைக்கு உரியவர்களே.

ஆக, ஒரே சிகிச்சைக்கு அரசு இருவகை நோக்கோடு பணம் கொடுக்கலாம். தலைகளின் தொகையை எண்ணிக் கொடுக்கலாம். பெண்ணின் உரிமையை எண்ணிக் கொடுக்கலாம். முன்னையது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறிய நாம் யப்பானுக்குப் போகவேண்டியதில்லை. என் மாணவியின் வினா அதைத்தான் சுட்டியது.

மன்னாரில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தா வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து மாத்தளைக் கோப்பித் தோட்டங்களை அடைந்த மக்களின் வழிவந்தவர்கள் எங்கள் மாணவரிற் பலர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை தேவைப்பட்டபோது அவர்களைத் துரைமார் குடும்பம் குடும்பமாக வருவித்தனர். அன்று தோட்டத்தில் பிறந்த பிள்ளை நாளைய கொழுந்துக் கூடை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டபின் அதே பிள்ளை மிகைத் தொகையாயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. அத்தொகைகளின் “இயற்கைப் பெருக்கமும்” உடன் சேரும் என்று எழுதியது. பிறவாத பிள்ளைகளையும் கணக்கிற் சேர்த்து இரண்டு அரசுகள் பங்கிட்டுக்கொண்டன.

1980ஆம் ஆண்டளவில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு இசைவோருக்கு அரசு பணம் வழங்கத் தொடங்கியது. ஒரு கட்டத்தில் அது 500 ரூபாவாக இருந்தது. திட்டம் நாடு முழுவதற்கும் உரியது. எனினும் பணத்தின் எடை எல்லா இடத்திலும் ஒன்றாகுமோ? ஆணுக்குச் சமமான நாட்சம்பளத்தை 1984 வரை பெற்றிராத தோட்டப் பெண்ணின் கையில் 500 ரூபா என்பது வெறும் ஊக்கத்தொகை அன்று. அது மறுக்கவியலாத கட்டளை. நிரந்தரக் கருத்தடை செய்துகொண்ட பெண்களின் விகிதம் தோட்டத்துறையிலேயே மிக உயர்ந்து காணப்படுவதைப் பிற்காலத்துத் தேசிய மதிப்பீடுகளும் காட்டின. அவர்களுட் பலர் மனமுவந்தே இசைந்திருக்கலாம். அடுத்தடுத்த பிரசவங்களின் வதையிலிருந்து விடுபட்டிருக்கலாம். அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் வேண்டாமென்ற முடிவுக்குக் காசு கிடைத்த ஒரு பெண்ணுக்கு, வேண்டுமென்ற முடிவுக்குக் கதவு திறந்திருந்ததா என்பதே வினா. சுதந்திரம் என்பது இரு பக்கமும் திறக்கும் கதவு. ஒரு பக்கம் மட்டும் திறப்பது பொறி.

கருப்பையை எண்ணும் அரசியல் பழங்கதையும் அன்று. 2019இல் அயல் மாவட்டமான குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டுக் கிளப்பப்பட்டு நாடே கொந்தளித்தது. அது மெய்ப்பிக்கப்படவில்லை, அவர் பின்னர் பணிக்கு மீண்டார். இப்போதோ காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியுள்ளது. 2020இல் மூன்று இலட்சத்துக்கு மேலிருந்த இலங்கையின் வருடாந்தப் பிறப்புகள் 2023இல் இரண்டரை இலட்சத்துக்குக் கீழ் இறங்கின. பிறப்பைப் பெருக்க வேண்டும் என்ற குரல் நாளை ஓங்குமாயின், எவர் வீட்டுப் பிறப்பை என்ற கேள்வியும் அதன் நிழலாகவே வரும். எனவே பிறப்புத் தொகையைக் காரணமாகக் காட்டி வரும் எந்த மானியத்தையும் நாம் ஐயத்தோடு நோக்கவேண்டும்.

இங்கே இலக்கியம் கற்ற நமக்கும் ஒரு பொறுப்பு இருக்கின்றது. விவாதத்தில் இரு அணியினரும் மக்கட்பேற்றின் பெருமைக்குத் திருக்குறளையும் புறநானூற்றையும் எடுத்துக்காட்டினர். பாண்டியன் அறிவுடை நம்பியின் பாட்டைச் சொல்லாமல் நம் மாணவர் பிள்ளைப் பேச்சைத் தொடங்குவதில்லை. அந்தப் பாட்டின் அழகை நானும் வகுப்பில் வியந்தே கற்பிக்கிறேன். ஆனால் பாடியவன் அரசன். பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சியவன். பெறாதவள் என்று ஊரால் சுட்டப்பட்ட பெண்ணின் குரல் அந்த ஏட்டில் எங்கே? “மலடன்” என்ற சொல் அகராதியில் உண்டு. ஊர்வாயில் வழங்குவதோ “மலடி” ஒன்றே. குறை இருவருள் எவரிடத்தும் இருக்கலாம் என்று மருத்துவம் உரைத்து நெடுங்காலமாயிற்று. மொழி இன்னும் அதை ஏற்கவில்லை. பெருமாள்முருகன் 2010இல் வெளியிட்ட “மாதொருபாகன்” நாவல், பிள்ளையில்லாத தம்பதியரை ஊர் எவ்வாறு வதைக்கின்றது என்பதைப் பொருளாகக் கொண்டது. சில ஆண்டுகளின் பின் அந்நாவலுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்து, எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவிக்க நேர்ந்தது. 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஊரைக் காட்டிய கண்ணாடியின் மேல் ஊர் கல்லெறிந்த கதை அது.

இதனை இங்கு கூறுவதற்குக் காரணமுண்டு. மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் மாசிமகத் தேரின்போது பிள்ளைவரம் வேண்டி நிற்கும் பெண்ணின் கண்ணீரில், பிள்ளையை நாடும் ஆசை எவ்வளவு, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் அச்சம் எவ்வளவு என்று எவரால் பிரித்தறிய முடியும்? அச்சத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்கு ஊசியும் உறைகலமும் வழங்குவதால் பெண் விடுதலை பெறமாட்டாள். முன்னர் அவளை நாற்பதில் நிந்தித்த ஊர், இனி முப்பதிலேயே “ஏன் சேமித்து வைக்கவில்லை?” என்று நிந்திக்கும். பெறாமலும் பெருமையோடு வாழ இடந்தரும் சமுதாயத்திலேயே பெறும் விருப்பமும் தூய விருப்பமாகும்.

இறுதியாகப் பணப்பெட்டியின் கேள்வி. இந்நாட்டின் இலவச மருத்துவமும் 1945இலிருந்து வந்த இலவசக் கல்வியும் உழைக்கும் மக்களின் பெருஞ்செல்வங்கள். அந்த மருத்துவம் எத்துணை நலிவுற்றது என்பதை 2022இல் கண்ணாரக் கண்டோம். அவ்வாண்டு மார்ச்சில், மருந்துத் தட்டுப்பாட்டினால், மாத்தளையார் பலரும் நாடிச்செல்லும் பேராதனைப் போதனா வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்தது. அம்மாத இறுதியில் நாள்தோறும் 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. முட்டைச் சேமிப்பு ஒருநாட் சிகிச்சையன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு அரசு கொடுக்கும் வாக்குறுதி. திரவ நைதரசன் ஒருநாள் வற்றினாலும் அவ்வாக்குறுதி ஆவியாகும். சத்திரசிகிச்சை நூலுக்கே திண்டாடும் வைத்தியசாலை இந்த வாக்குறுதியை அளித்தால், அது ஏழைப் பெண்ணை இருமுறை ஏமாற்றுவதாகும்.

ஆயினும் “பணமில்லை” என்பது இறுதி விடையன்று என்பதை அந்தப் பாட்டியின் 500 ரூபா நிறுவுகின்றது. பணம் எப்போதும் வரையறைப்பட்டதே. எதற்கு முதலில் என்பதை நிர்ணயிப்பது அரசியல். அந்த வரிசையை மக்கள் சார்பில் அமைக்க முயல்வது நம் கடமை.

பிள்ளை பெறுவதை ஒத்திவைக்கத் தேவையில்லாத வாழ்நிலையே முதலாவது. 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், மூன்றாவது பிள்ளைக்கு விடுமுறையைப் பாதியாக வெட்டிய பழைய அநீதியைத் தனியார் துறையில் நீக்கியது. நல்லது. எனினும் மகப்பேற்று விடுமுறைச் சம்பளத்தின் சுமை தனித்தனி முதலாளியின் தலையில் இருக்கும்வரை, மணமாகும் வயதுப் பெண்ணை வேலைக்கெடுக்க அவன் தயங்கியே தீருவான். அச்சுமையைப் பொதுநிதி ஏற்கட்டும். தோட்டத்துப் பிள்ளை மடுவம் ஆடைத் தொழிற்சாலைக்கும் பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் வரட்டும். தோட்டத்திலும் அது பெயருக்குரிய மடுவமாக இல்லாமல் வளர்ப்பகமாக மாறட்டும். 2024இல் 1,350 ரூபாவுக்கே உயர்ந்திருந்த அடிப்படை நாட்சம்பளத்தை நம்பி வாழும் தாய்க்கு இதுவே கருவள மானியம்.

அடுத்தது, பிள்ளையின்மைக்கான பரிசோதனையும் சிகிச்சையும் அரசு வைத்தியசாலையில் கணவன் மனைவி இருவருக்கும் எட்டும்படி கிடைத்தல். நகரத்துத் தனியார் நிலையத்துக்கு நகையை அடகுவைத்துச் செல்லும் நிலை ஒழியவேண்டும். இதனோடு, மகரகமைக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் செல்லும் இளம்பெண்ணின் முட்டைகளைக் காக்கும் வசதியையும் அரசு தன் பொறுப்பில் ஏற்கவேண்டும். அந்த வசதி ஓரிடத்தில் உறுதியாக வேரூன்றியபின், அதே கலங்களில், அதே வைத்தியர் கையில், நோயற்ற பெண்ணுக்கும் இடமளிப்பது பெருஞ்செலவாகாது. அப்போது அது பிரான்ஸ் காட்டிய வழியில், முதலாளியின் கைபடாமல், மக்கட்தொகைக் கணக்கில் சேராமல், வெற்றியின் வரையறையை ஒளிக்காமல், எல்லா வகுப்புப் பெண்ணுக்கும் சமமாக வரட்டும். அதுவரை தனியார் விற்பனையாளரின் விளம்பர வாக்குறுதிகளைச் சட்டம் கட்டுப்படுத்தட்டும்.

இவ்வரிசை இன்று கருமுட்டையை உறையவைக்கத் துடிக்கும் பெண்ணுக்கு உதவாது என்பதை அறிவேன். அவளது ஆண்டுகள் வரிசைக்காகக் காத்திரா. அந்த இழப்பை மறைக்காமல் கூறுவதே அவளுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. “உன் ஆசை ஆடம்பரம்” என்று சொல்லி அவளை வெட்கப்படுத்தியபின் வரிசையைக் காட்டுவது கொடுமை. “உன் ஆசை நியாயமானது, உனக்கு இன்று கொடுக்க இயலாதிருப்பது எங்கள் கடன்” என்று ஏற்றுக்கொண்டு வரிசையைக் காட்டுவதில்தான் நேர்மை உண்டு.

அன்றைய புள்ளிப் பட்டியலை இனி மாற்றவியலாது. வெட்டிப் பேசிய அணியினர் வாதத்தைத் திறமையாகவே முன்வைத்தனர். ஆனால் நடுவரின் காரணம் தவறானது என்பதை அடுத்த மன்றக் கூட்டத்தில் மாணவர் முன் எடுத்துரைக்க எண்ணியுள்ளேன். இரத்தோட்டை மாணவியிடம் அவளது பாட்டியை விரிவாகக் கேட்டு எழுதி வரும்படி சொல்லியிருக்கிறேன். பாட்டி தாமாகவே இசைந்தாரா, வேறு வழியின்றி இசைந்தாரா, அந்தப் பணம் எதற்குச் செலவாயிற்று என்பனவற்றை அவர் வாய்மொழியாகவே கேட்டு எழுதவேண்டும். பெண்ணின் கருவைப் பற்றி அரசு எழுதிய கணக்குகள் நம்மிடம் நிறைய உள்ளன. அவளே கூறும் கணக்கு இனித்தான் எழுதப்படவேண்டும்.